மண்ணைப் படிக்கும் படிப்பு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மண். மண் என்றால் நம்முடைய காலுக்குக் கீழே கிடக்கிற மண்தான். இதில் வேறு மறைபொருள் ஒன்றும் இல்லை. இந்த மண் எந்தக் கல்லிலிருந்து வந்தது, இதற்குள் என்னென்ன சரக்கு இருக்கிறது, இது ஏன் ஒரு காட்டில் விளைகிறது, அடுத்த காட்டில் விளைவதில்லை என்று ஆராய்வதையே ஆயுள் முழுவதும் உத்தியோகமாகக் கொண்ட சிலரைப் பற்றியும், அந்தப் படிப்புக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் ஏன் போகவேண்டும் என்பது பற்றியும் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நீங்கள் நம்பிவிட வேண்டியதில்லை. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்து, உங்கள் அறிவுக்கும் அனுபவத்துக்கும் பொருந்துவதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நம் கொங்கு நாட்டில் பிள்ளையைப் படிக்க வைப்பது என்றால் டாக்டருக்கு வைப்பது, என்ஜினீயருக்கு வைப்பது, இல்லாவிட்டால் வக்கீலுக்கு வைப்பது என்று ஆகிவிட்டது. "மண்ணைப் பற்றிப் படிக்கப் போகிறேன்" என்று ஒரு பையன் சொன்னால், "அதற்குக் காலேஜ் எதற்கடா? மண்வெட்டி போதாதா?" என்று தகப்பனார் கேட்கிறார். கேட்பவர் யார் என்று பார்த்தால் அந்த மண்ணிலேயே சாப்பிடுகிறவராகத்தான் இருக்கிறார். தன் சோறு எதிலிருந்து வருகிறதோ அதைப் பற்றிய அறிவு கேவலமானது என்று சோறு விளைவிக்கிறவனே நினைக்கும்படி ஆனதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் அல்லவா?

காரணம் இதுதான். இந்த நாட்டில் படித்தவன் மண்ணைத் தொடவில்லை. மண்ணைத் தொட்டவன் படிக்க விடப்படவில்லை. உழவுத் தொழில் நல்லோரால் இகழப்பட்டது, ஏனென்றால் ஏர் பூமியையும் அதிலுள்ள உயிர்களையும் புண்படுத்துகிறது என்று மனுதர்ம சாஸ்திரத்தின் பத்தாவது அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கிறது. அப்படி எழுதினவர்கள் சாப்பாட்டை மட்டும் இகழவில்லை. ஏடு ஒரு பக்கமும் ஏர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தால் மண்ணைப் பற்றிய சாஸ்திரம் எப்படி வளரும்? ஆகவேதான் பூமாதேவி என்று கும்பிடத் தெரிந்த நமக்கு, அந்தப் பூமியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரியாமல் போய்விட்டது.

தோழர்களே! மண் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. கல் இற்று மண்ணாகியிருக்கிறது. வெயிலும் மழையும் வேரும் சேர்ந்து லட்சக்கணக்கான வருஷங்களாகக் கல்லை அரித்து அரித்து மண்ணாக்கியிருக்கின்றன. கல்லில் இருக்கிற இரும்பு துருப்பிடிப்பதால் செம்மண் சிவந்திருக்கிறது. நனைந்தால் ஊதி, காய்ந்தால் சுருங்குகிற ஒருவிதக் களிமண் கரிசலில் இருப்பதால்தான் கோடையில் கை நுழையும்படி அது வெடிக்கிறது. காக்காய்ப்பொன் என்கிறோமே, அந்தத் தகட்டுக் கல்லிலிருந்து பயிருக்குச் சாம்பல் சத்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. வெங்கச்சங்கல் இற்றால் மணல்தான் மிஞ்சும். அதில் சத்து இல்லை. சுக்கான் கல் நிறைந்த காட்டில் போட்ட மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். பயிருக்கு எளிதில் கொடுக்காது. காடு ஏன் விளையவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கல்லிலேயே இருக்கிறது.

இந்தக் கல்லை முதலில் முறையாகப் படித்தவர்களில் ஒருவர் இந்திய பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் வெள்ளைக்காரர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய சமாதியில் வைத்த கல்லும் நமது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லும் ஒரே இனம் என்று கண்டு, 1893-ல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தவர் அவர்தான். நீலகிரியின் பெரும்பகுதி அந்தக் கல்தான். காங்கயத்துக்குப் பக்கத்துச் சிவன்மலையின் கல்லைப் பற்றி 1901-ல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அந்தப் புத்தகத்தில் குருந்தக் கல்லைப் பற்றி வருகிறது. உலகம் முழுவதும் அந்தக் கல்லைக் கொரண்டம் என்று சொல்லுகிறார்கள். அது குருந்தம் என்ற நம் தமிழ் வார்த்தைதான். பெயர் கொடுத்தது நாம், படித்தது அவர். சிவன்மலைக்குப் படியேறிப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! நாம் மிதித்துப்போன படியின் கல் என்ன கல் என்று கேட்பதற்குச் சீமையிலிருந்து ஒருவர் வரவேண்டியதாயிற்று.

இன்றைக்கும் கிணறு வெட்டவோ ஆழ்துளை போடவோ வேண்டுமென்றால், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறவரைக் கூப்பிடுகிறோம். தேங்காய் நிமிர்ந்தால் தண்ணீர் என்கிறார். நம் பக்கத்துப் பாறை கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளிலும், மேலே இற்றுப்போன பகுதியிலும்தான் தண்ணீர் தங்கும். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாறையைப் பார்க்கவேண்டுமே தவிர, தேங்காயைப் பார்த்து என்ன பயன்? ஆயிரம் அடி போட்டும் புகை வருகிறபோது, "நம் ராசி அப்படி" என்று சொல்லிவிட்டுக் கடனைக் கட்டுகிறோம். ராசியைப் பார்த்தவருக்குக் கூலி போய்விட்டது. பாறையைப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை இல்லை.

இனி மண்ணுக்கு வருகிறேன். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் காலேஜை 1906-ல் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே 1909-ல் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றுக்கு எருவே போடாமலும், ஒன்றுக்குத் தொழு உரம் மட்டும் போட்டும், மற்றவைகளுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து இவைகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் போட்டும், வருஷா வருஷம் அதே பாத்திக்கு அதே எரு என்று விடாமல் நடத்த ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்னும் ஊரில் 1843-ல் இப்படி ஒரு சோதனை ஆரம்பித்திருந்தார்கள். அதைப் போன்றது இது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் கோயமுத்தூர்ச் சோதனையின் பேரைச் சொல்லி உலகத்து மண் சாஸ்திரிகள் பேசுகிறார்கள்.

இதில் உள்ள பெருமை என்னவென்று யோசித்துப் பாருங்கள். 1909-ல் அந்தப் பாத்தியை அளந்து முளை அடித்தவர் அதன் முடிவைப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டோம் என்று தெரிந்தே முளை அடித்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் அதே முளையை வைத்துக்கொண்டு எடை போட்டு எழுதினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். மண்ணைப் படிப்பவனுடைய உத்தியோகம் இப்படிப்பட்டது. மருந்து கொடுத்த மறுநாள் ஜுரம் இறங்குவது போல இதில் எதுவும் நடக்காது. ஒருவன் வாழ்நாள் முழுவதும் எடை போட்டு எழுதி வைத்தது அவன் பேரன் காலத்தில்தான் பேசும். மறு உலகத்தில் பலன் கிடைக்குமென்று காத்திருக்கிறவர்கள் ஏராளம். இந்த உலகத்திலேயே பின்னால் வருகிறவனுக்குப் பலன் கிடைக்கட்டும் என்று காத்திருந்தவர்கள் இவர்கள்.

அப்படிக் காத்திருந்ததில் தெரிந்தது என்ன? இந்தியாவில் பல இடங்களில் நடந்த நெடுங்கால எருச் சோதனைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்லுகின்றன. தழைச்சத்தை மட்டும் வருஷா வருஷம் கொட்டினால் முதலில் விளைச்சல் துள்ளும், போகப்போகப் படுத்துக்கொள்ளும். எல்லாச் சத்தும் அளவோடு போட்டு, தொழு உரமும் சேர்த்த நிலம் நின்று விளையும். "யூரியா போட்டேன், பச்சையாயிருக்கிறது" என்று சந்தோஷப்படுகிற தோழர்களுக்கு இதைச் சொல்லுகிறேன். பச்சை ஒரு பருவத்துக் கணக்கு. மண்ணுடைய கணக்கு நூறு வருஷத்துக் கணக்கு.

இன்னொரு சங்கதி. அதே கோயமுத்தூரில் சர்க்கார் விவசாய ரசாயனியாக இருந்தவர் டபிள்யூ. எச். ஹாரிசன். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் பி. ஏ. சுப்பிரமணிய அய்யர். இவர்கள் இருவரும் நெல் வயலில் சேற்றை மிதித்தால் குமிழி வருகிறதே, அந்தக் குமிழிக்குள் என்ன காற்று இருக்கிறது என்று பார்த்தார்கள். அவர் அய்யர்தான், ஆனால் சேற்றுக் குமிழியைப் பிடித்துச் சோதித்த அய்யர். அறிவை ஜாதி பார்த்துத் தள்ளுவது நமக்கு வேலையல்ல. அந்தக் குமிழியில் பெரும்பகுதி மீதேன் என்னும் எரிகாற்றும் நைட்ரஜனும் என்று 1913-ல் அச்சிட்டார்கள். சேற்றின் மேல் படிந்திருக்கிற பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த ஓர் ஏடு அந்த எரிகாற்றை மாற்றிப் பிராணவாயுவைத் தண்ணீரில் சேர்க்கிறது, அதனால்தான் மூச்சு முட்டுகிற சேற்றிலும் நெல் வேர் பிழைத்திருக்கிறது என்றும் கண்டார்கள்.

அன்றைக்கு இதைக் கேட்டவன், "குமிழியை எண்ணுவதற்கா சம்பளம்?" என்று கேட்டிருப்பான். இன்று பூமி சூடேறுவதைப் பற்றி உலக சர்க்கார்கள் எல்லாம் கூடிப் பேசுகிறபோது, நெல் வயலிலிருந்து கிளம்புகிற மீதேனும் ஒரு முக்கியமான விஷயமாகிவிட்டது. வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கவிடாமல், காயவிட்டுப் பாய்ச்சினால் மீதேனும் குறைகிறது, தண்ணீரும் மிஞ்சுகிறது என்கிறார்கள். உபயோகமில்லாத அறிவு என்று எதையும் அவசரப்பட்டுச் சொல்லிவிடக்கூடாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கோயமுத்தூரில் விவசாய ரசாயனியாக இருந்த இன்னொருவர் பி. விசுவநாத். இவர் 1920-களில், குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய மக்காரிசன் என்னும் டாக்டரோடு சேர்ந்து ஒரு கேள்வி கேட்டார். ஒரே தானியம், ஒரு பாத்தியில் தொழு உரத்தில் விளைந்தது, இன்னொரு பாத்தியில் ரசாயன எருவில் விளைந்தது. இரண்டையும் தின்கிற பிராணிக்குப் பலம் ஒன்றாயிருக்குமா? கோயமுத்தூர்ப் பாத்திகளின் தானியத்தைப் பிராணிகளுக்குப் போட்டுப் பார்த்ததில், தொழு உரத் தானியம் மேலானதாயிருந்தது என்று எழுதினார்கள். பிற்காலத்தில் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அப்படியே வரவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். வேதவாக்கு என்பது ஒருதரம் சொன்னால் சொன்னதுதான். சாஸ்திர ஆராய்ச்சி என்பது மறுபடி செய்து பார், வராவிட்டால் மாற்றிக்கொள் என்பது. அந்த விசுவநாத் அவர்கள்தான் பிற்காலத்தில் இம்பீரியல் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இந்திய டைரக்டரானார். மண்ணைப் படித்தால் மண்ணோடு மண்ணாகத்தான் கிடக்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

தோழர்களே! வியாதிக்குக் காரணம் தெரியாதபோதுதான் பாபம், சாபம், கிரகம் எல்லாம் உள்ளே நுழைகின்றன. 1937-ல் சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில், பல் கறுத்து, முதுகு வளையாமல் விறைத்துப்போன ஜனங்களை ஷார்ட் என்னும் டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் பார்த்தார்கள். அந்த ஜனங்கள் செய்த பாபம், ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததுதான். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு இருந்தது. தண்ணீருக்கு அது பாறையிலிருந்து வந்தது. நம்முடைய தருமபுரி, சேலம் பக்கத்திலும் இதே தொல்லை உண்டு. ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் ஆகாது என்று இன்று அளவு வைத்திருக்கிறார்கள். அதேபோல 1966-ல் வடக்கே பந்த்நகரில், நெற்பயிர் துருப்பிடித்தாற்போல் ஆகிச் சாகிற நோய்க்குப் பூச்சியும் காரணமல்ல, பூஞ்சணமும் காரணமல்ல, மண்ணில் துத்தநாகம் போதாததே காரணம் என்று நெனே என்பவர் கண்டு சொன்னார். இன்று நம் ஊரிலும் நடவு வயலுக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்லுகிறார்களே, அது இந்த அறிவின் பலன். எந்தப் பரிகாரமும் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் செய்த வேலையைச் செய்திருக்காது.

இப்போது நம் வீட்டு வாசலுக்கே வருகிறேன். நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் சேருகிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டி 1992-ல் முடித்தார்கள். பாசனத்துக்கு வந்தது என்ன? திருப்பூர்ச் சாயக் கழிவு வந்தது. பருத்தி நூலில் சாயம் ஏறவேண்டுமென்றால் உப்பை மூட்டை மூட்டையாகத் தண்ணீரில் கொட்டவேண்டும். சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும். உப்பு ஒட்டிக்கொள்வதில்லை, ஆற்றுக்கு வந்துவிடும். அணை கட்டச் சொன்ன விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்கவேண்டாம் என்று கெஞ்சுகிற நிலைமைக்கு வந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் பாய்ச்சினால் ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர். அதில் வருகிற உப்பு 400 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் எட்டு மூட்டை. பத்துத் தண்ணீர் கட்டினால் எண்பது மூட்டை! பயிர் தண்ணீரைக் குடிக்கும், வெயில் தண்ணீரைக் குடிக்கும், உப்பை யாரும் குடிப்பதில்லை. அது அங்கேயே தங்கிவிடும். நாமே நம் காட்டில் எண்பது மூட்டை உப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவோமா? தண்ணீரில் கரைந்து வந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதிலும் சோடியம் மிகுந்தால் களிமண் ஒன்றோடொன்று பிடித்திருக்கிற பிடியை விட்டு, மாவாகி, துவாரத்தை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்காது, வேர் இறங்காது. உவர் என்றும் களர் என்றும் நம் பாட்டன்மார் இரண்டு பெயர் வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு நோய். உவருக்கு நல்ல தண்ணீர் விட்டு, வடிகாலும் வெட்டிக் கழுவினால் போதும். களருக்கு அது போதாது; ஜிப்சம் போட்டு, அதிலுள்ள கால்சியத்தைக்கொண்டு சோடியத்தைப் பெயர்த்து, பிறகு கழுவவேண்டும். எது என்று சோதித்துப் பார்க்காமல் வைத்தியம் செய்தால் பணமும் போகும், நிலமும் போகும்.

நொய்யல் விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். நஷ்டத்தைக் கணக்கிட ஓர் அதிகார சபை ஏற்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் தீர்ப்புச் சொல்லிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாமல் சுத்தம் செய்கிற ஏற்பாட்டோடுதான் பிறகு திறக்கவேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் ஆதாரம் என்ன? "என் நிலம் கெட்டுப்போயிற்று" என்று விவசாயி அழுதால் கோர்ட்டில் அழுகைக்கு நம்பர் கிடையாது. இந்தக் கிணற்றில் இவ்வளவு உப்பு, இந்த மண்ணில் இவ்வளவு சோடியம் என்று அளந்து எழுதிக் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். பட்டறையில் வேலை செய்தவனும் நம் ஏழைதான்; அவன் பிழைப்பும் அந்த உத்தரவில் அடிபட்டது. ஆரம்பத்திலேயே உப்பை அளந்து, ஆற்றில் விடாதே என்று தடுத்திருந்தால் உழவனும் தப்பியிருப்பான், தொழிலாளியும் தப்பியிருப்பான். அளக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைவாகவும், அளந்தவர்கள் சொன்னதைக் கேட்கிறவர்கள் அதைவிடக் குறைவாகவும் இருந்ததன் பலனை இரண்டு பேருமே அனுபவித்தார்கள்.

ஆகவேதான் சொல்லுகிறேன், வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒருவராவது இந்தப் படிப்புக்குப் போகட்டும். நான்கு வருஷம் விவசாயப் பட்டம், இரண்டு வருஷம் மண்ணியலில் மேல் பட்டம், இன்னும் மூன்று வருஷம் ஆராய்ச்சி என்று ஒன்பது வருஷம் ஆகும். பெண்களும் தாராளமாகப் போகட்டும். களை எடுக்கிற கை, மண்ணை நிறுத்துப் பார்க்கக்கூடாதா? உழுத வீட்டுப் பிள்ளைக்கு மண்ணின் ஈரமும் வாசனையும் முன்பே தெரியும். தெரியாதது ரசாயனம் மட்டுந்தான். அது படித்தால் வரும்.

படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கண்டதையெல்லாம் இங்கிலீஷில் எழுதி, அலமாரியில் பூட்டி வைத்தால், பழைய ஏட்டுக்காரனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? 2015 முதல் மண்வள அட்டை என்று ஒன்று கொடுக்கிறார்கள். பன்னிரண்டு விஷயங்களை அளந்து அதில் எழுதியிருக்கிறது. அதை வாங்கின விவசாயி, ஜாதகக் கட்டத்தைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால் யாருக்கு லாபம்? அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன, என்ன செய்யவேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொல்லுகிறவன்தான் மண்ணைப் படித்தவன்.

கடைசியாக, கேட்டுவிட்டுக் கலைந்துபோகாமல் செய்து பார்க்க ஒரு வேலை சொல்லுகிறேன். எரு வைப்பதற்கு முன், காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு, அரை அடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்துப்போலக் குழி வெட்டுங்கள். அதன் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரு கனமாக மண்ணைச் செதுக்கி எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குப்பை போட்ட இடம் இவைகள் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, நாலு பங்காக்கி எதிர் எதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி, அரைக் கிலோவாக்கி, துணிப்பையில் கட்டி, பெயரும் காட்டின் அடையாளமும் முன் போட்ட பயிரும் எழுதி, மண் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பதில் வந்தவுடன் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஒரு பாத்தியில் அவர்கள் சொன்னபடியும், பக்கத்துப் பாத்தியில் உங்கள் வழக்கப்படியும் செய்து, விளைந்ததை எடை போட்டுப் பாருங்கள். 1909-ல் கோயமுத்தூரில் செய்ததும் இதேதான். இதற்கு நல்ல நாள் பார்க்கவேண்டாம். மண் ஈரமில்லாத நாளாயிருந்தால் போதும்.

எனவே தோழர்களே, மண்ணைக் கும்பிட்டது போதும், இனி மண்ணைக் கேட்போம் என்று சொல்லி என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.